பழைய ஷோரூம் படம்: காரைப் பார்ப்பதா, கவுண்டரைப் பார்ப்பதா?

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாக வியாபாரம் செய்யும் நம்மவர்களின் கடைகளில் பழைய சாமான்களுக்குக் குறைவில்லை. ஆனால் பழைய கடதாசிகளுக்கும் படங்களுக்கும் அங்கு மதிப்புக் குறைவு. இடம் தேவைப்பட்டால் முதலில் வெளியே போவது பழைய கணக்குக் கொப்பிகள்தான். அண்மையில் ஒரு கடையில் அப்படி வெளியே போகவிருந்த பெட்டியிலிருந்து ஒரு படம் கிடைத்தது. வியாபாரிகளாகிய நமக்கு அதில் விளங்கிக்கொள்ள வேண்டிய சில விடயங்கள் இருப்பதால் இவ்வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஹாஜியார். அவரது வாப்பா ஒரு காலத்தில் கொழும்பில் இங்கிலாந்துக் கார்களை விற்ற ஷோரூம் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக வேலை செய்தவர். அந்த ஷோரூமின் உட்புறத்தை எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பளபளக்கும் தரையில் நான்கு மொரிஸ் மைனர்கள். ஓரத்தில் கோட் அணிந்த இருவர். பின்னால் ஒரு கவுண்டர். படத்தில் திகதி இல்லை.

விடயம் காதில் விழுந்ததும் பழைய கார் பிரியர்கள் கூடிவிட்டார்கள். சொந்தமாக ஒரு மைனரை வைத்திருக்கும் டொக்டர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஐம்பது வருடமாக இங்கிலாந்துக் கார்களை மட்டுமே கழற்றிப் பூட்டும் ஒரு பாஸ். "இது 52ஆம் வருஷத்துப் படம்" என்றார் டொக்டர். "இல்ல டொக்டர், கிரிலப் பாருங்க" என்றார் பாஸ்.

பாஸின் கணக்கு இதுதான். மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. ஆரம்ப வண்டிகளில் முன் விளக்குகள் கிரிலுக்குள் தாழ்வாக இருந்தன. பின்னர் அவை மட்காட்டுக்கு மேலே ஏறின. குறுக்குப் பட்டிகள் கொண்ட கிரில் 1954 ஒக்டோபரில் வந்தது. நடுவில் பிளந்த இரட்டைக் கண்ணாடி 1956இல் மைனர் 1000 வந்தபோது ஒற்றைக் கண்ணாடியாக மாறியது. படத்திலுள்ள வண்டிகளுக்குக் குறுக்குப் பட்டிக் கிரில், ஆனால் கண்ணாடி பிளந்தது. எனவே 1954இன் கடைசிக்கும் 1956க்கும் இடையில் செய்த வண்டிகள். இரண்டு வருட இடைவெளிக்குள் படத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் மனுஷன். படிப்பு ஐந்தாம் வகுப்புத்தான்.

பிறகு ஞாபகங்கள் தொடங்கின. வாப்பா ஓட்டிய ஒஸ்டின், ஊருக்கு முதன்முதலில் வந்த பேஜோ 203, கல்யாண ஊர்வலத்துக்கு இரவல் வாங்கிய கார் என்று பேச்சு நீண்டது. எல்லோரும் காரையே பார்த்தார்கள். என் கண் பின்னாலிருந்த கவுண்டரில் போய் நின்றது. அதற்கு அப்பால் தரையிலிருந்து கூரை வரை சிறு சிறு அறைகளாகத் தட்டுகள். உதிரிப்பாக ஸ்டோர். ஹாஜியாரின் வாப்பா வேலை செய்த இடம் அதுதான்.

ஷோரூம் வியாபாரத்தின் கணக்கை அறியாதவர்கள், லாபம் கார் விற்பதில் வருகிறது என்று நினைக்கிறார்கள். அந்த நான்கு கார்களையும் யோசித்துப் பாருங்கள். வங்கியில் எல்சி திறந்து, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, தீர்வை கட்டி, துறைமுகத்திலிருந்து எடுத்து, தரையில் நிறுத்தும் வரை முதல் முடங்கிக் கிடக்கிறது. கார் விற்கும்வரை அது தொடர்கிறது. அந்த முதல் பெரும்பாலும் கடன். கடனுக்கு வட்டி. (நமது முரபஹா முறையில் நிதி நிறுவனமே பொருளை வாங்கி, லாபத்தைச் சேர்த்து, குறித்த விலைக்கு நமக்கு விற்கிறது. வட்டி இல்லை. ஆனால் பொருள் தேங்கினால் தவணை தேங்காது என்பதை அங்கும் மறந்துவிடக் கூடாது.) கார் ஒருமுறைதான் விற்கப்படுகிறது. பிரேக் ஷூ, கிளச் பிளேட், எஸ்யூ கார்பரேட்டரின் சிறு சாமான்கள், லூகஸ் மின்சாதனங்கள் ஆகியவற்றுக்காக அதே வாடிக்கையாளர் பத்து இருபது வருடம் அதே கவுண்டருக்கு வந்துகொண்டிருப்பார். காரின் விலையைப் பத்துக் கடைகளில் விசாரிப்பவர், வண்டி நடுத்தெருவில் நிற்கும்போது ஒரு வாஷருக்குப் பேரம் பேசுவதில்லை.

அடுத்தது ஏஜென்சி. ஏக விநியோகஸ்தர் என்ற பலகையை வாசலில் மாட்டியவுடன் அந்தப் பெயர் தமது சொத்து என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது இரவல். இங்கிலாந்தில் 1952இல் ஒஸ்டினும் மொரிஸும் இணைந்து பீ.எம்.சி. என்ற ஒரே கம்பனியாயின. ஆனால் விற்பனையாளர்களை இணைக்கவில்லை. ஒரே ஊரில் ஒஸ்டின் கடை ஒன்று, மொரிஸ் கடை ஒன்று. 1959இல் இருந்து ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் ஒக்ஸ்போர்டும் ஏறக்குறைய ஒரே வண்டி. முன்னாலுள்ள கிரிலும் பெயர்த் தகடும் சில அலங்காரங்களும்தான் வேறு. ஒரே முதலாளியின் ஒரே சரக்கை விற்க இரண்டு கடைகள் எதிரெதிரே நின்று போட்டி போட்டன. 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட் உருவான பிறகு கடைகளைக் குறைக்கும் வேலை வந்தது. தலைமுறையாக நடத்திய கடைக்காரர்களுக்குப் பலகையைக் கழற்ற வேண்டியதாயிற்று. கம்பனியும் தப்பவில்லை. 1975இல் அரசுடைமையானது. அதன் வழிவந்த எம்.ஜி. ரோவர் 2005இல் முறிந்தது.

விற்பனையில் சறுக்கினால்தான் ஏஜென்சி பறிபோகும் என்றும் இல்லை. பழைய கார் பிரியர்கள் அனைவரும் அறிந்த ஷோரூம் ஒன்று நியூயோர்க்கில் பார்க் அவென்யூவில் இருந்தது. மெக்ஸ் ஹொஃப்மன் என்ற இறக்குமதியாளருக்காகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லொய்ட் ரைட் 1950களின் நடுப்பகுதியில் அமைத்துக் கொடுத்தது. போர்ஷே, மெர்சிடிஸ், பீ.எம்.டபிள்யூ. ஆகியவற்றை அமெரிக்கர்களுக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் அவர். மெர்சிடிஸ் 300எஸ்எல் வீதிக்கு வந்ததே அவரது வற்புறுத்தலால்தான் என்பார்கள். சந்தை சூடு பிடித்த பின் உற்பத்தியாளர்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் பின் ஒருவராக விநியோகத்தைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். பீ.எம்.டபிள்யூ. 1975இல் வட அமெரிக்காவுக்கெனத் தனது சொந்தக் கம்பனியைத் தொடங்கியது. ரைட் அமைத்த அந்த ஷோரூமின் உட்புறம் 2013இல் இடித்து அகற்றப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது படங்கள்தான்.

ஆகவே எந்தச் சரக்குக்காவது ஏஜென்சி எடுப்பவர்கள், அது டயரோ தையல் மெஷினோ பிஸ்கட்டோ, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை விடக் கடைசிப் பக்கத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். முடிவுக்கு எத்தனை மாத அறிவித்தல்? கையிலுள்ள சரக்கையும் உதிரிப்பாகங்களையும் என்ன விலைக்கு யார் திருப்பி எடுப்பது? நாம் செய்த விளம்பரச் செலவுக்கு ஈடு உண்டா? நண்பர்கள் சிலர் இந்தக் கேள்விகளைக் கேட்கவே வெட்கப்படுகிறார்கள். கைகுலுக்கும் நேரத்தில் பிரிவைப் பற்றிப் பேசுவது நல்லதல்லவாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். எழுதுவதில் வெட்கம் எதற்கு?

நமது நாட்டு ஷோரூம்களுக்கு வந்த சோதனை வேறு விதமானது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அடுத்த பதினைந்து வருடங்களுக்கு மேல், 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, புதுக் கார் என்பது பொதுமக்களுக்கு அரிய சாமான். ஷோரூம் தரை காலியாகிவிட்டது. கவுண்டர் காலியாகவில்லை. இருக்கும் கார்களை ஓட வைத்தே ஆக வேண்டும் அல்லவா? உதிரிப்பாகம் கிடைக்காதபோது கடைசல் பட்டறையில் செய்தார்கள், ஒன்றைக் கழற்றி ஒன்றுக்குப் போட்டார்கள். ஹாஜியாரின் வாப்பா வேலையை விட்டு வந்து சொந்தமாகச் சிறு கடை போட்டதும் அந்தக் காலத்தில்தான். கார் விற்ற கோட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கும் வரையான ஐந்து வருடங்களில் இதே கதையை நமது கண்ணாலேயே பார்த்தோம்.

மைனர் 1971 வரை உற்பத்தியாகி, மொத்தம் 16 இலட்சம் வண்டிகள் வரை வெளிவந்தன. செய்த கம்பனி இன்று இல்லை, ஆனால் அதற்கான பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இதில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையில் கூட்டு முயற்சியொன்றைத் தொடங்கி மைனரின் பாகங்களை இங்கே செய்வித்து அங்கே எடுத்தார். கார் செய்த நாட்டுக்கு நாம் பாகம் ஏற்றுமதி செய்தோம் என்றால் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள்.

பழைய பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடக்கும் அசல் லூகஸ் விளக்கும் ஸ்மித்ஸ் மீற்றரும் இன்று கிலோக் கணக்கில் விற்கும் சாமான்கள் அல்ல. எந்த வண்டிக்குரியது என்ற இலக்கமும் அசல் பெட்டியும் இருந்தால் விலை ஒன்று, இல்லாவிட்டால் விலை வேறொன்று. முழு வண்டிக்கும் அப்படித்தான். இங்கிலாந்தில் கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. பதிவேடு எஞ்சியிருக்கும் வண்டிகளுக்கு, எப்போது செய்யப்பட்டது, என்ன நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்ற விபரங்கள் கிடைக்கும். அத்துடன் விற்ற கடையின் ரசீதும், பதிவுப் புத்தகமும், ஷோரூம் படமும் சேர்ந்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வருகிறது. ஹாஜியாரின் பெட்டியில் படத்துக்கு அடியில் ஸ்டோர் கணக்குக் கொப்பிகள் மூன்று இருந்தன. எந்தப் பாகம் யாருடைய வண்டிக்குப் போனது என்று வண்டி இலக்கத்துடன் வாப்பா எழுதி வைத்திருக்கிறார். டொக்டர் தனது மைனரின் இலக்கத்தை அதில் தேடிக்கொண்டே இருந்தார். பழைய கடதாசிக்காரருக்குக் கொடுக்க மகன் கட்டி வைத்திருந்த கொப்பிகள் அவை.

ஹாஜியார் என்னிடம் தனியாகக் கேட்ட கேள்வி இதைவிட முக்கியமானது. "வாப்பாட காலத்துச் சாமானுக்கு ஸகாத் எந்த விலைக்குப் பார்க்கிறது?" என்றார். வாங்கிய விலையைப் பார்த்தால் சில ரூபாய்கள். இன்றைய விலையோ பல மடங்கு. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, விற்பதற்காக வைத்திருக்கும் சரக்கு நிஸாபை அடைந்தால், வருட முடிவில் அன்றைய சந்தை விலைக்கு மதிப்பிட்டு இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். வாங்கிய விலை கணக்கில் வராது. வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்து, விலை ஏறும்வரை காத்திருக்கும் சரக்கை மாலிகி மத்ஹபினர் வேறுபடுத்திப் பார்த்து, விற்ற பின் ஒரு வருடத்துக்குக் கொடுத்தால் போதும் என்பர். சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் காருக்கோ, ஞாபகத்துக்கு வைத்திருக்கும் படத்துக்கோ ஸகாத் இல்லை. விற்கும் எண்ணத்துடன் வாங்கினாரா என்பதே கேள்வி. வாரிசாகக் கிடைத்த சரக்கு என்பதால் எண்ணத்தின் விடயம் இங்கு இன்னும் நுணுக்கமாகிறது. அதை ஆலிம் ஒருவரிடம் நேரில் கேட்டுக்கொள்வதே முறை என்றேன். ஆனால் கேட்கப் போவதற்கு முன் கையில் இருப்பது என்ன, எத்தனை, என்ன விலை என்ற பட்டியல் வேண்டும். அவரும் மகனும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டி வைத்துவிட்டு முதல் தட்டிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். எழுதியது நாலாவது கொப்பியில்.