அட்ட விநாயக யாத்திரை

விநாயக சதுர்த்தியை ஒட்டி மராட்டிய நாட்டின் தெருக்களில் எழும் “கணபதி பப்பா மோரியா” என்ற முழக்கத்தை நேயர்களிற் பலர் கேட்டிருப்பர். கணபதி தெய்வத்தின் பெயர்; பப்பா தந்தையைக் குறிக்கும் சொல். மோரியா என்பதோ தெய்வத்தின் பெயரன்று. புனே நகரை அடுத்த சிஞ்ச்வட் என்னும் ஊரிற் சீவசமாதி கொண்ட மோரியா கோசாவி என்ற அடியவரின் பெயர் அது என்பது அந்நாட்டு மரபு. தெய்வத்தை அழைக்குந்தோறும் அடியவரையும் உடன் அழைக்கும் இவ்வழக்கத்தை நினைவிற் கொண்டால், மராட்டிய நாட்டின் அட்ட விநாயக யாத்திரையின் இயல்பு எளிதில் விளங்கும்.

எட்டுத் தலங்களில் மோர்காவ், தேவூர், லேண்யாத்திரி, ஓசர், ராஞ்சண்காவ் என்னும் ஐந்தும் புனே மாவட்டத்தைச் சேர்ந்தவை. பாலி, மகட் என்னும் இரண்டும் சகியாத்திரி மலைத்தொடருக்கு மேற்கே ராய்கட் மாவட்டத்தில் உள்ளன. எஞ்சிய சித்ததேக், 2024ஆம் ஆண்டில் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற அகமதுநகர் மாவட்டத்திலே, பீமா நதிக்கரையில் அமைந்தது. அங்குள்ள கோயிலைக் கட்டுவித்தவர், இன்று அம்மாவட்டத்துக்குப் பெயர் தந்து நிற்கும் அகில்யாபாய் ஓல்கர் அரசியாரே.

யாத்திரை மோர்காவிலே தொடங்கும். மோர் என்றால் மயில். காவ் என்றால் ஊர். இங்கு விநாயகர் மயூரேசுவரர். மயில் முருகனுக்குரியதாயிற்றே என்று சைவர்கள் வியக்கக்கூடும். சிந்து என்னும் அசுரனை மயில்மீது ஏறிச் சென்று அழித்த கணபதி, பின்னர் அம்மயிலைத் தம் இளவலாகிய கந்தனுக்கு அளித்தார் என்று தலபுராணம் அதற்கு விடை கூறுகின்றது. கோயிலின் எதிரே மூசிகத்தோடு பெரிய நந்தியும் படுத்திருக்கின்றது. சிவாலயமொன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்நந்தி இவ்விடத்திலே வண்டி முறிய, அப்பால் நகர மறுத்துவிட்டதாம். உயர்ந்த மதிலும் நான்கு மூலைகளிலும் எழுந்த தூண்கோபுரங்களும் சேர்ந்து தூரத்துப் பார்வைக்குப் பள்ளிவாசற் சாயலைத் தருகின்றன. மோரியா கோசாவி வழிபட்ட மூர்த்தி இவரே. சிஞ்ச்வட்டிலிருந்து ஆண்டுக்கு இருமுறை, பாத்திரபத, மாக மாதங்களிற் பல்லக்கு இன்றும் மோர்காவுக்கு வருகின்றது.

சித்ததேக் விநாயகரின் துதிக்கை வலப்புறம் திரும்பியது. எட்டு மூர்த்திகளில் இவர் ஒருவரே வலம்புரி. இங்கே வலம்வர விரும்புவோர் கோயிலை மட்டுமன்றி, அது சார்ந்துள்ள குன்றையே சுற்றிவரல் வேண்டும்.

பாலியின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. பல்லாளன் என்ற வணிகச் சிறுவன் தன் தோழரைக் கூட்டிக் காட்டில் ஒரு கல்லைக் கணபதியாக வைத்துப் பூசித்து, வீட்டையும் உணவையும் மறந்திருந்தான். சினந்த தந்தை கல்லைத் தூக்கி எறிந்து, மகனை அடித்து, மரத்தில் கட்டிவைத்துச் சென்றார். பிள்ளையின் அழைப்புக்கு இரங்கி வந்து கட்டவிழ்த்த பெருமான், அவன் வேண்டுகோளின்படி அவ்விடத்திலேயே அவன் பெயரால் பல்லாளேசுவரர் ஆனார். அடியவர் பெயரைத் தம் பெயராகத் தாங்கியவர் எண்மரில் இவரே. தந்தை எறிந்த கல்லும் துண்டி விநாயகர் என அயலிற் கோயில் கொண்டுள்ளது; அதனை முதலில் வணங்கிய பின்னரே பல்லாளேசுவரரிடம் செல்வது முறை.

மகட்டில் எழுந்தருளியிருப்பவர் வரத விநாயகர். அடுத்த தலமான தேவூரிலே புராணத்தோடு வரலாறும் வந்து கலக்கின்றது. 1761ஆம் ஆண்டுப் பானிப்பட்டுத் தோல்விக்குப் பின், பதினாறு வயதிற் பேஷ்வா பதவி ஏற்றுச் சிதைந்த அரசை நிமிர்த்தியவர் முதலாம் மாதவராவ். காசநோய் அவரைப் பற்றியது. மருத்துவம் பயன்படாத நிலையில், கவலை தீர்க்கும் சிந்தாமணி விநாயகரின் சந்நிதியை நாடித் தேவூரிலே தங்கினார். 1772 நவம்பர் 18இல், இருபத்தேழு வயதில், அங்கேயே உயிர் நீத்தார். மனைவி ரமாபாய் உடன்கட்டை ஏறினார். ஆற்றங்கரையிலே அவர்களுக்கு நினைவிடம் உண்டு. நோய் தீரவில்லை, ஆயினும் மக்கள் அதனைத் தெய்வத்தின் குறையாகக் கொள்ளாது, அவர் இறுதியில் அடைந்த புகலிடத்தையே போற்றுகின்றனர்.

லேண்யாத்திரி என்றால் குகை மலை. சுன்னருக்கு அண்மையிலுள்ள இம்மலையில் ஏறத்தாழ முப்பது குகைகளைப் பௌத்தர்கள் குடைந்தனர். ஏறக்குறைய 300 படிகள் ஏறிச் சென்றால் அடையும் ஏழாவது குகை, பிக்குகள் வாழ்ந்த விகாரையாகும். தூண் ஒன்றுமில்லா அதன் மண்டபத்தைச் சூழ அவர்கள் உறைந்த சிற்றறைகள் இன்றும் உள்ளன. நடுவே கிரிசாத்மசர், அதாவது மலைமகள் மைந்தர், பாறையோடு பாறையாக வீற்றிருக்கின்றார். ஆதலால் இங்கே வலம்வர வழியில்லை. அயற்குகையிலே தூபி அமைந்த சைத்தியமும் அழியாது நிற்கின்றது. சமயங்களின் வரலாற்றை ஆராய்வோர் எட்டில் ஒன்றையே காண இயலுமெனின், இதனைக் காண்பதே தகும்.

ஓசரில் விக்கினேசுவரர் குகடி நதியருகே உள்ளார். 1739இல் போர்த்துக்கேயரிடமிருந்து வசாயைக் கைப்பற்றிய சிமாசி அப்பா, வெற்றியின் பின் இக்கோயிலைப் புதுப்பித்தார். பாலியிலுள்ள ஐரோப்பிய மணியும் அவர் காணிக்கையே. ராஞ்சண்காவ் மகாகணபதி, திரிபுரத்தை எரிக்குமுன் சிவபெருமானே வழிபட்ட மூர்த்தி எனப்படுவார். அவ்வூரின் அயல் இன்று பெருந்தொழிற்பேட்டை.

முறைப்படியான வரிசை நிலப்படத்தோடு ஒத்துவராது. கிழக்கே சித்ததேக்கை வணங்கிய ஒருவர், மேற்கே மலைத்தொடரைக் கடந்து பாலிக்கும் மகட்டுக்கும் இறங்கி, மீண்டும் மலையேறித் தேவூருக்கு வரல் வேண்டும். மொத்த வழி 600 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. இரண்டு மூன்று நாட்களில் எட்டையும் காட்டும் பேருந்துகள் பாதையின் வசதியையே நோக்குகின்றன. பிழை எனச் சொல்லவும் இயலாது, தொழிலாளிக்குக் கிடைக்கும் விடுமுறை அவ்வளவே. ஆயினும் எட்டாவது தலத்தோடு யாத்திரை முடிவதில்லை என்பது பழைய விதி. ராஞ்சண்காவிலிருந்து திரும்பி, மீண்டும் மோர்காவ் மயூரேசுவரரை வணங்கும்போதே சுற்று நிறைவெய்தும். விதியைக் காக்க விரும்புவோர், ஒருநாள் கூடினாலும், முதலில் நின்ற அதே நந்தியின் முன் மறுபடியும் வந்து நிற்கின்றனர்.