விடுமுறையிற் கடல்மீன் பிடித்தல்

கோடை விடுமுறை அணுகுங்கால் வீட்டாருடன் கடற்கரைக்குச் சென்று சின்னாள் தங்கிவர விழைவோர் நம்முள் அநேகர். அவருள் தூண்டிலையும் உடன்கொண்டு செல்வோர் சிலராவது உளர். குளத்திலும் வாய்க்காலிலும் பழகிய கை கடலிடத்து அவ்வாறே பயன்படுமென்று எண்ணுதல் இயல்பே. ஆனாற் கடல் காற்றுக்கும் ஓதத்துக்கும் உட்பட்டது. அவ்விரண்டையும் உசாவாது புறப்படுவோர் பெரும்பாலும் வெறுங்கூடையுடனேயே மீள்வர். இராமேசுவரத் தீவையும் அதற்கெதிரேயுள்ள மண்டபத்தையும் உதாரணமாகக் கொண்டு இதனை விளக்குவாம்.

இவ்விடத்தைத் தெரிந்துகொண்டதற்குக் காரணமுண்டு. வடக்கே பாக்கு விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவுமாக இரு கடல்கள் இங்கு அருகருகே கிடக்கின்றன. அவ்வூரார் அவற்றை வடகடல், தென்கடல் என்பர். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுங்காலத்துத் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போற் கிடக்கும். ஐப்பசிக்குமேல் வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாகும். ஆகவே மே மாத இறுதியிற் செல்வோர் வடகடற் கரையையும், கிறிஸ்துமஸ் விடுமுறையிற் செல்வோர் தென்கடற் கரையையும் நாடுதல் தக்கது. தங்கும் விடுதியை முதலிற் குறித்துக்கொண்டு காற்றைப் பின்னர் உசாவுவது நம்மவர் வழக்கம். அதனை மாற்றினாற் பாதி வேலை முடிந்தது.

நாளைக் குறித்தற்குப் பஞ்சாங்கமே போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களையடுத்துச் சூரிய சந்திரரின் ஈர்ப்பு ஒருங்கு சேர்தலின் ஓதம் மிகுதியாய் ஏறி மிகுதியாய் வற்றும். அட்டமியை யடுத்த நாட்களில் அஃது ஒடுங்கும். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் செல்லுமாதலால், இன்று காலை 6 மணிக்குப் பெருகிய நீர் நாளை 6 மணி 50 நிமிடமளவிற் பெருகும். இப்பகுதியில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் உட்பட்டதே. எனினும் அச்சிற்றளவே மீனுக்குப் போதும். நீர் ஏறுங்கால் வெயிலிற் காய்ந்த மணற்றிட்டுக்கள் மூழ்க, ஆங்குள்ள புழுக்களையும் சிறு நண்டுகளையும் இரைகொள்ள மீன்கள் கரையை நோக்கி வருகின்றன. ஆதலின் ஏறும் ஓதமும் விடியலும், அல்லது ஏறும் ஓதமும் அந்தியும், ஒன்றுகூடும் நாட்களைத் தெரிந்துகொள்க. நடுப்பகலிற் குழந்தைகளை வெயிலில் நிறுத்தி வருத்துவதிற் பயனில்லை.

கருவிகளுக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. விலையுயர்ந்த கோலும் உருளையும் கடைகளில் உள. அவை வேண்டுவோர் வாங்குக. கரையிலிருந்து எறிதற்கு 40 மீட்டர் நரம்பைக் கட்டையிலாவது புட்டியிலாவது சுற்றிய கைத்தூண்டிலே சாலும். நரம்பின் நுனியில் ஈயக்குண்டும், அதற்கு ஒரு சாண் மேலே கிளையிழையில் முள்ளும் கட்டுக. அங்ஙனங் கட்டினால் ஈயம் மணலிற் படிய, இரை சற்றுமேலே நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். முள்ளின் எண் ஏற ஏற அதன் அளவு சிறுக்கும் என்பதைப் புதியோர் நினைவிற் கொள்ளல் வேண்டும். 8ஆம் எண் முள் 2ஆம் எண் முள்ளினுஞ் சிறியது. குழந்தைகளுக்கு ஏற்றது கிழங்கான் மீன். அது மணற்பாங்கான ஆழமற்ற நீரிற் கரையோரமாகவே திரிவது, சிறு வாயினது, இறால் துண்டை விரும்பி உண்பது. பாரையை விரும்பும் பெரியோர் பெரிய முள்ளிற் சாளையையோ கணவாய்த் துண்டையோ கோக்கலாம்.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுவாம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லல் ஆகாது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. நமது கோடை விடுமுறை முழுவதும் இதனுள்ளேயே அடங்குகிறது. நாட்டுப்படகுகளுக்கும் கரைத்தூண்டிலுக்கும் இத்தடையில்லை. ஆயினும் அக்காலத்து விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள் வருவாயின்றி யிருப்பதை நினைத்து, முட்டை நிறைந்த மீனையும் குஞ்சையும் நீருக்கே மீட்டுவிடுதல் விருந்தினராய்ச் சென்ற நமக்குத் தகும். தென்கடலிலுள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் இசைவின்றி அவற்றில் இறங்குதல் குற்றமாகும். வள்ளம் அமர்த்துவோர் படகுக்காரரைத் தீவுக்குச் செல்லுமாறு வற்புறுத்துவது அவருக்கே தீங்காய் முடியும். கடலட்டை, கடற்குதிரை, பவளம் ஆகியவற்றை விளையாட்டுக்கெனினும் எடுத்தலாகாது.

அபாயங்களுள் முதன்மையானது அலையே. எங்கோ தென்கடற் கோடியில் எழுந்த புயலின் அலைகள், இங்கே காற்றுச் சிறிதுமில்லாத நாளில் திடீரெனக் கரையேறுவதுண்டு. மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே 6ஆம் நாள் குமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை யடுத்த கடற்கரையில் மருத்துவ மாணாக்கர் ஐவர் இவ்வாறு இழுக்கப்பட்டு உயிர்நீத்தனர். அவரும் நம்மவர்போல விடுமுறைக் களிப்பில் நீரோரம் நின்றவரே. ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையம் இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகின்றது. அதனை நோக்காது ஒருநாளும் நீரில் இறங்கற்க. படகில் ஏறுவோர் குழந்தையாயினும் முதியோராயினும் மிதவையங்கி யணிந்தே ஏறுதல் வேண்டும். எல்லாரும் அணிதற்குப் போதிய அங்கிகள் இல்லாத படகை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுக.

அடுத்தது மீனின் முள். கெளுத்தி, ஒரா, திருக்கை என்பவை நஞ்சுடைய முள்ளுள்ளவை, வெறுங்கையாற் பற்றற்க. குத்துண்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அவ்வுறுப்பை வைத்திருக்க வலி தணியும். உடனே மருத்துவரிடமுஞ் செல்லுதல் வேண்டும். ஊதிப் பருக்கும் பேத்தையை எவ்வாறு சமைத்தாலும் உண்ணலாகாது. சூரை, அயிலை, சாளை முதலியவை வெயிலிற் கிடந்தால் அவற்றுள் உண்டாகும் நச்சுப்பொருள் கொதிக்க வைத்தாலும் நீங்காது. ஆகலிற் பனிக்கட்டிப் பெட்டி தூண்டிலினும் முக்கியமானது எனல் மிகையன்று.

வீட்டுப் பெண்டிரைப் பற்றியும் ஒரு சொல். ஆடவர் பிடித்துவந்து குவிப்பதும், மகளிர் குந்தியிருந்து செதிலுரித்துக் கழுவுவதுமாயின் அவர்க்கு இஃதென்ன விடுமுறை? பிடித்தவரே ஆய்தல் வேண்டும் என்னும் ஒப்பந்தத்தை ஊரை விட்டுப் புறப்படுமுன்னரே செய்துகொள்ளுதல் நலம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் தூண்டிலுடன் இருத்தலும் வேண்டுவதன்று. கோயிலும் தனுஷ்கோடியும் பார்க்க விரும்புவோர் வீட்டில் இருப்பர். அறுந்த நரம்பைக் கரையில் எறியாது சுருட்டி வீட்டுக்குக் கொணர்க. ஆமையும் பறவையும் அதிற் சிக்கி மாள்கின்றன.

இத்துணையும் ஆராய்ந்து சென்றபின்னும் காற்று ஒருநாள் மாறக்கூடும். அன்று கரைவலை யிழுக்கும் இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்க. கயிற்றிற் கைகொடுக்க வருவோரை அவர் விலக்குவதில்லை. வலை கரையேறியதும், ஒவ்வொரு மீனையுஞ் சுட்டி, “இதன் பெயர் என்ன, அண்ணாச்சி?” என்று கேட்டால் அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ள ஒரு சிறு குறிப்பேடும் பையில் இருக்கட்டும்.