சில்லு மாற்றியபின் வரும் நடுக்கம்

ஜேர்மனியிற் கார் வைத்திருப்போர் பலர் குளிர்காலத்திற்கு ஒரு தொகுதிச் சில்லுகளும் கோடைக்கு மற்றொரு தொகுதியும் வைத்திருப்பர். கடுங்குளிரிற் கோடை ரயரின் இறப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதே காரணம். பனி படிந்த வீதியிற் குளிர்கால ரயர் வேண்டுமென 2010 ஆம் ஆண்டின் விதியும் கூறுகிறது.

வசந்தத்திற் சில்லு மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார், நகரில் அமைதியாக ஓடி, மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியதும் நடுங்குவதுண்டு. சில்லின் ஒரு பக்கம் சிறிது கனத்தாலும் போதும். வேகம் இருமடங்கானால் அக்கனம் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். ஸ்டியரிங் நடுங்கினால் முன்சில்லையும், இருக்கை நடுங்கினாற் பின்சில்லையும் பெரும்பாலும் ஐயுறலாம்.

புது ரயர் வாங்க ஓடுவது வீண்செலவு. வேகத்தைக் குறைத்து, காரை நிறுத்தி, முதலிற் போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பார்த்தல் வேண்டும். அவை தளர்ந்திருப்பின் சில்லே கழன்றுவிடக்கூடும். அடுத்து, சில்லுப் பொருந்தும் குடத்தின் முகம். குளிர்காலத்தில் வீதியிலே தூவும் உப்பினால் அங்கே துருப் பிடித்திருக்கும். அற்பத் துருவும் சில்லைச் சரித்துவிடும். அதைத் தேய்த்தெடுத்த பின்னரே சில்லின் கனத்தைச் சமன்செய்ய வேண்டும்.

சாதாரணக் காரில் முன்சில்லைப் பின்னே பூட்டிச் சோதிக்கலாம். போர்ஷே 911 போன்றவற்றிற் பின்சில்லு அகலமானது. அங்கே அது இயலாது. குளிர்காலத் தொகுதியையே மீண்டும் பூட்டி ஓட்டிப் பார்த்தல் வேண்டும். நடுக்கம் மறைந்தாற் குற்றம் கோடைச் சில்லிலோ அதைப் பூட்டிய விதத்திலோ உள்ளது. மறையாவிடிற் காரிலே தேடவேண்டும்.