திருகிக் குவிக்கும் பழைய லென்ஸ்கள்

கேமராவின் லென்ஸைக் கையால் திருகித்தான் காட்சியைத் தெளிவாக்க வேண்டும் என்ற நிலை 1980களின் நடுப்பகுதி வரை பொதுவாக இருந்தது. 1985-இல் மினோல்டா நிறுவனம் வெளியிட்ட 7000 என்ற கேமராவின் வெற்றிக்குப் பிறகு அந்த வேலையை மோட்டாரும் மின்னணுச் சுற்றும் ஏற்றுக்கொள்ள, அதுவரை லட்சக்கணக்கில் செய்யப்பட்டிருந்த கையியக்க லென்ஸ்கள் மெல்ல மெல்ல அலமாரிகளுக்குள் ஒதுங்கின. அவற்றுள் பல இன்று டிஜிட்டல் கேமராக்களில் மீண்டும் பொருத்தப்பட்டு, பூ, பூச்சி, மழைத்துளி, தெருவோர நடமாட்டம் ஆகியவற்றைப் படம்பிடிக்கப் பயன்படுகின்றன. விலை மலிவு இதற்கு ஒரு காரணம்தான். வடிவமைத்தவர்களால் அன்று முழுமையாக நீக்க முடியாமற்போன ஒளியியல் பிழைகளையே இன்றைய ஒளிப்படக்காரர்கள் விரும்பித் தேடுகிறார்கள் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

இந்த மறுவரவுக்கு வழிவிட்டது கேமராவின் உடலமைப்பில் நேர்ந்த ஒரு மாற்றம். லென்ஸ் பொருந்தும் வளையத்தை மவுண்ட் என்பர். அதற்கும் பிலிம் அல்லது சென்சார் இருக்கும் தளத்திற்கும் இடையிலான தொலைவு ஒவ்வொரு கேமரா வகைக்கும் நிலையானது. 1949-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான காண்டாக்ஸ் எஸ் கேமராவில் இடம்பெற்று, பின்னர் பிரக்டிகா, பென்டக்ஸ், ஜெனித் எனப் பலவற்றுக்கும் பொதுவாகிவிட்ட எம்42 என்ற திருகு மவுண்டில் இத்தொலைவு 45.46 மி.மீ. ஆகும். காட்சியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் கண்ணாடி அந்த இடைவெளியில் ஏறி இறங்க வேண்டியிருந்ததால் அவ்வளவு இடம் தேவைப்பட்டது. 2008-இல் பானசோனிக் வெளியிட்ட ஜி1 கேமராவுடன் தொடங்கிய மிரர்லெஸ் வகையில் அந்தக் கண்ணாடியே இல்லாததால், தொலைவு பெரிதும் சுருங்கியது. சோனியின் இ மவுண்டில் அது 18 மி.மீ. மட்டுமே. எஞ்சிய சுமார் 27.5 மி.மீ. இடைவெளியை நிரப்ப, உள்ளே லென்ஸ் ஏதுமற்ற வெறும் உலோகக் குழாய் போதும்; கடைகளில் அடாப்டர் என்று விற்கப்படுவது அதுதான். மாறாக, நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் இத்தொலைவு 46.5 மி.மீ. என்பதால், இடையே திருத்தும் லென்ஸ் இல்லாமல் எம்42 லென்ஸை மாட்டினால் அருகிலுள்ள பூ தெளிவாகுமே தவிர, தொலைவிலுள்ள மலை தெளிவாகாது.

இவ்வாறு மீண்டு வந்தவற்றுள் பரவலாக அறியப்பட்டது சோவியத் ஒன்றியத்தில் ஜெனித் கேமராக்களுடன் விற்கப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்ற லென்ஸ். ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செய்த பையோட்டார் லென்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றிய இது, 58 மி.மீ. குவியத் தூரமும் எஃப் 2 என்ற பெரிய திறப்பும் கொண்டது. அபெர்ச்சர் எனப்படும் ஒளித்திறப்பின் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும் என்பதும், திறப்பு பெரிதாகப் பெரிதாகத் தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் குறையும் என்பதும் ஒளிப்படக் கலையின் அடிப்படை விதிகள்.

ஹீலியோஸின் புகழுக்குக் காரணம், அதன் முழுத் திறப்பில் பின்புலம் ஒரு சுழல் போலத் தோன்றுவதுதான். குவியத்திற்கு வெளியே உள்ள ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் படத்தில் ஒரு வட்டமாக விரிகிறது. மங்கிய பகுதியின் இந்தத் தன்மையைப் பொக்கே என்பர். படத்தின் நடுவில் அவ்வட்டங்கள் முழுமையாக இருக்க, ஓரங்களை நோக்கிச் சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸ் குழாயின் விளிம்புகள் மறைத்துவிடுவதால், அங்கே அவை ஒடுங்கிய நீள்வட்டங்களாகி, நடுவைச் சுற்றி வரிசைகொள்கின்றன. ஆகவே, தோப்பில் காலை வெயில் இலை இடுக்குகள் வழியே சிதறிவரும் வேளையில், ஓரிரு மீட்டர் தொலைவில் ஒரு செடியை நடுவில் நிறுத்தி, அதற்குப் பல மீட்டர் பின்னால் மரங்கள் வருமாறு எடுத்தால் சுழல் தெளிவாகப் புலப்படும். வெற்றுச் சுவரின் முன்னே அது தெரியாது. திறப்பை எஃப் 4 அளவுக்குக் குறைத்தாலோ, ஓரங்களை வெட்டிவிடும் சிறிய சென்சாரைப் பயன்படுத்தினாலோ அதன் வேகம் தணிந்துவிடும்.

கெர்லிட்ஸ் நகரத்து மேயர் நிறுவனத்தின் 100 மி.மீ. டிரையோப்ளான் லென்ஸில் பிழை வேறு விதமானது. மூன்றே கண்ணாடிகளால் ஆன அதில், நடுப்பகுதி வழியே வரும் ஒளியும் விளிம்பு வழியே வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இக்கோளப்பிழையின் விளைவாகப் பின்புல வட்டங்களின் விளிம்பு மட்டும் பளிச்சிடுவதால், புல்நுனிப் பனித்துளிகள் சோப்புக் குமிழ்களாக மிதக்கின்றன.

இத்தகைய லென்ஸ்களுக்குக் கேமராவுடன் மின்தொடர்பு இல்லை. லென்ஸ் மாட்டப்படாத நிலையிலும் ஷட்டர் இயங்குமாறு கேமராவின் மெனுவில் முதலில் அனுமதிக்க வேண்டும். ஹீலியோஸ் 44-2-இல் அபெர்ச்சருக்கென இரண்டு வளையங்கள் உள்ளன: ஒன்றில் எஃப் 5.6 என்று எல்லை குறித்துவிட்டால், மற்றொன்று எஃப் 2-க்கும் 5.6-க்கும் இடையே மட்டும் தடையின்றிச் சுழலும். எனவே முழுத் திறப்பின் வெளிச்சத்தில் குவியம் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலேயே விரலால் திறப்பைக் குறுக்கிப் படமெடுக்கலாம். இந்த லென்ஸ் நெருங்கக்கூடிய அரை மீட்டர் தொலைவில், முழுத் திறப்பில், தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஒரு செ.மீ.க்கும் குறைவு என்பதால், தட்டானின் கண்ணில் குவித்தால் வால் மங்கிவிடும். தெளிவான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியும், திரைக்காட்சியைப் பல மடங்கு பெரிதாக்கும் வசதியும் இங்கு உதவுகின்றன. அவற்றோடு, வளையத்தை ஓரிடத்தில் விட்டுவிட்டு உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் குவியம் காண்பதும் பூச்சிகளை எடுப்போரின் வழக்கம்.

அன்றாடக் காட்சிகளுக்கு இதற்கு நேர்மாறான முறை பொருந்தும். முழு அளவுச் சென்சாரில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, சுமார் 3.3 மீட்டரில் குவித்துவிட்டால், ஏறத்தாழ 1.7 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாவும் போதிய தெளிவோடு விழும். இத்தொலைவுகளை லென்ஸின் குழாயிலேயே அளவுகோலாகப் பொறித்திருப்பார்கள். அதைப் பார்த்து முன்கூட்டியே வைத்துக்கொண்டவர், சந்தையில் பூத் தொடுக்கும் விரல்களையோ, பேருந்தின் படியில் கால் வைப்பவரையோ எடுக்கையில், குவியத்துக்காக ஒரு நொடிகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தைச் சிறு விளக்கொளியில் பார்ப்பது அவசியம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூட்டி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் படர்வதும், நாட்பட்டால் அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடுவதும் உண்டு. காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது தற்காப்பு. திறப்பின் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். பென்டக்ஸின் 50 மி.மீ. எஃப் 1.4 சூப்பர் டாக்குமார் லென்ஸின் பிற்கால வகையில் ஒளிவிலகலைக் கூட்டத் தோரியம் கலந்த கண்ணாடி பயன்பட்டது. அதன் கதிரியக்கத்தால் பல ஆண்டுகளில் கண்ணாடி பழுப்பேறும். வெயிலில் அல்லது புறஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் நிறம் பெரிதும் மறையும். படமெடுப்பவருக்கு இக்கதிரியக்கத்தால் பெரிய கேடு இல்லையென்றாலும், அக்கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

பறக்கும் பறவைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இன்றைய தானியங்கி லென்ஸே ஏற்றது. பழைய லென்ஸ் அதனோடு போட்டியிட வந்ததில்லை. எந்தத் திறப்பில், எத்தொலைவில், எவ்வகைப் பின்புலத்தில் தன் லென்ஸ் பிழை செய்யும் என்பதை ஒருவர் பழகி அறிந்துகொண்டால், அந்தப் பிழை அவர் வேண்டும்போது வரும், வேண்டாதபோது விலகும். அப்பழக்கம் ஒரே நாளில் கைவராது என்பதால், பல லென்ஸ்களைச் சேர்ப்பதைக் காட்டிலும் ஒன்றை நீண்ட காலம் கையாள்பவருக்கே இவற்றால் பயன் அதிகம்.