பச்சைப் புல்லை உரித்து எறிந்தார்கள்!
பழைய அழகைத் திரும்பப் பெற்ற கோல்ப் மைதானம்

ஒரு பெரிய மைதானம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைப் பசேல் என்று புல். ஜமுக்காளம் விரித்தது போல் இருந்தது. உலகப் புகழ் பெற்ற போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன.

அந்தப் புல்லை ஏக்கர் கணக்கில் உரித்து எறிந்தார்கள். வேறு யாரும் அல்ல, மைதானத்தின் சொந்தக்காரரே பணம் செலவழித்து, ஆள் வைத்து உரிக்கச் செய்தார்!

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்றுதானே கேட்கத் தோன்றுகிறது? ஆனால், அந்த மைதானம் இழந்த பெயரைத் திரும்பப் பெற்றது அதனால்தான்.

அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலத்தில் பைன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரில் கோல்ப் மைதானங்கள் பல உண்டு. அவற்றில் "2-ம் எண் மைதானம்" என்பதுதான் மிகவும் புகழ் பெற்றது. அதன் கதைதான் இது.

நிலமே எதிரி!

கோல்ப் ஆட்டம் கேட்பதற்கு மிக எளிது. கையில் ஒரு கோல். தரையில் ஒரு சிறிய வெள்ளைப் பந்து. தொலைவில் ஒரு குழி. பந்தைக் கோலால் அடித்து அடித்து, அந்தக் குழியில் விழச் செய்யவேண்டும். இப்படி 18 குழிகள். எல்லாக் குழிகளையும் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ, அவருக்கே வெற்றி.

கால்பந்து ஆட்டத்தில் எதிரே 11 பேர் நிற்பார்கள். கோல்ப் ஆட்டத்தில் பந்தைத் தடுக்க யாரும் வருவது இல்லை. மேடு, பள்ளம், மணல், மரம் இவைதான் தடுக்கும். நிலமே எதிரி!

ஆகவே மைதானத்தை அமைப்பவர் கெட்டிக்காரராக இருக்கவேண்டும். எங்கே மணல் இருக்கவேண்டும், எங்கே புல் இருக்கவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.

சோடா வியாபாரி வாங்கிய மணல் காடு

பைன்ஹர்ஸ்ட் ஊரை உண்டாக்கியவர் ஜேம்ஸ் டப்ட்ஸ். பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்தவர். சோடா விற்கும் எந்திரங்கள் செய்து பணக்காரர் ஆனவர். 1895-ம் ஆண்டில் அவர் வடக்கு கரோலினாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கினார். மரங்களை எல்லாம் வெட்டித் தீர்த்துவிட்ட வெறும் மணல் காடு அது. அதனால் விலை மிகவும் மலிவு. குளிர்காலத்தில் வடநாட்டு மக்கள் வந்து தங்கி, உடம்பைத் தேற்றிக்கொள்ள ஓர் ஊர் அமைக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

வந்தவர்கள் கோல்ப் ஆட விரும்பினார்கள். அதற்காக அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்டவர் டொனால்டு ராஸ்.

ராஸ், ஸ்காட்லாந்து நாட்டில் டோர்னாக் என்ற ஊரில் 1872-ம் ஆண்டில் பிறந்தவர். தச்சு வேலை பழகியவர். கோல்ப் ஆட்டத்தின் நுட்பங்களையும் கற்றவர். 1899-ம் ஆண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தார். அடுத்த ஆண்டே பைன்ஹர்ஸ்ட் போய்ச் சேர்ந்தார்.

அவர் அமைத்த 2-ம் எண் மைதானம் 1907-ம் ஆண்டில் 18 குழிகளுடன் திறக்கப்பட்டது. பிறகு அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மைதானங்களை அவர் அமைத்தார். ஆனால், அவருடைய செல்லப்பிள்ளை இதுதான். மைதானத்தின் ஓரத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தார். 1948-ம் ஆண்டில் அவர் இறக்கும் வரையில் அதைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்.

ராஸ் செய்த தந்திரம்

ராஸ் அமைத்த மைதானத்தில் பந்து போகும் புல் பாதை நல்ல அகலம். புதிதாக ஆடுகிறவரும் பயப்படாமல் அடிக்கலாம். ஆனால், பாதையை விட்டுப் பந்து விலகினால் ஆபத்து! அங்கே வெறும் மணல். மணலில் பைன் மரத்தின் சருகு. நடுநடுவே "கம்பிப்புல்" என்ற ஒருவகைப் புல். பெயருக்கு ஏற்றபடி மெல்லிய கம்பி போல் குத்துக் குத்தாக வளரும்.

விலகிய பந்து நல்ல மணலில் கிடந்தால் தப்பித்தார். கம்பிப்புல்லின் நடுவே சிக்கினால் அவ்வளவுதான். "துணிந்து குழியை நோக்கி அடிப்பதா? பத்திரமாகப் பாதைக்குத் தள்ளிவிடுவதா?" என்று ஆட்டக்காரர் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டும். பந்து கிடக்கும் இடத்துக்கு ஏற்ப யோசனையும் மாறும். அதுதான் ஆட்டத்தின் சுவை.

தண்ணீருக்கும் ஆடம்பரம் இல்லை. பாதையின் நடுவே ஒரே ஒரு குழாய். அதன் அருகில் புல் பச்சையாக இருக்கும். தள்ளிப் போகப் போகப் பழுப்பு நிறமாக மாறி, மணலோடு கலந்துவிடும்.

பச்சை மோகம்

ராஸ் இறந்தபின் காலம் மாறியது. மைதானம் பல கை மாறியது. வண்ணத் தொலைக்காட்சி வந்தது. "மைதானம் என்றால் மூலை முடுக்கெல்லாம் பச்சையாக இருக்கவேண்டும்" என்ற மோகம் அமெரிக்கா முழுவதும் பரவியது.

பைன்ஹர்ஸ்டும் அதற்கு விலக்கு அல்ல. மேலும் மேலும் குழாய்கள் பதித்தார்கள். மணலின் மேல் புல் வளர்த்தார்கள். அகலமான பாதை குறுகியது. இரு பக்கமும் அடர்ந்த புல் சுவர் போல் நின்றது.

இதைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்யவில்லை. மைதானத்துக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார்கள். பழைய தேக்குக் கதவுக்குப் பளபளப்பான சாயம் பூசுகிறவரும் அப்படித்தானே நினைக்கிறார்!

ஆனால், ஆட்டத்தின் சுவை போய்விட்டது. எந்தப் பக்கம் பந்து விலகினாலும் ஒரே மாதிரிப் புல்தான். ஓங்கி ஒரு வெட்டு வெட்டிப் பந்தை வெளியே எடுக்கவேண்டும். யோசிக்க ஒன்றும் இல்லை. 1999-ம் ஆண்டிலும், 2005-ம் ஆண்டிலும் அமெரிக்க ஓப்பன் என்ற பெரிய போட்டி அங்கே நடந்தது. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும், "இது நூற்றோடு நூற்றொன்று. ராஸின் மைதானம் எங்கே?" என்று பழமை அறிந்தவர்கள் கேட்டார்கள்.

துணிச்சலான முடிவு

மைதானத்தின் சொந்தக்காரர்களான டெட்மன் குடும்பத்தார் யோசித்தார்கள். பில் கூர், பென் கிரென்ஷா என்ற இருவரை அழைத்தார்கள். இருவரும் கூட்டாக மைதானம் அமைப்பவர்கள். கூர், வடக்கு கரோலினாவிலேயே வளர்ந்தவர். சிறு வயதில் அந்த மைதானத்தில் ஆடியவர். கிரென்ஷா, பெரிய போட்டிகளில் வென்ற ஆட்டக்காரர்.

வேலையில் பெரிய ஆபத்து இருந்தது. 2014-ம் ஆண்டில் ஆண்களுக்கான அமெரிக்க ஓப்பன் போட்டியும், பெண்களுக்கான போட்டியும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடக்க ஏற்பாடாகி இருந்தது. அதற்குள் மைதானம் கெட்டுப்போனால், உலகமே சிரிக்கும்!

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. பழைய மைதானம் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ராஸ் இறந்து 60 ஆண்டுகள் ஆகிவிட்டன.

சாட்சி சொன்ன குழாய்

இரண்டு சாட்சிகள் கிடைத்தன.

ஒன்று, 1943-ம் ஆண்டில் விமானத்தில் இருந்து எடுத்த படங்கள். ராஸ் உயிரோடு இருந்த காலம் அது. பாதைகளின் வளைவு, மணலின் எல்லை எல்லாம் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன.

மற்றொன்று, மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய தண்ணீர்க் குழாய்! அந்தக் காலத்தில் அது பாதையின் நடுவே ஓடியது அல்லவா? குழாய் எங்கே ஓடுகிறதோ, அதுதான் ராஸ் போட்ட பாதையின் நடுக்கோடு. ஊமைக் குழாய் உண்மையைச் சொல்லிவிட்டது!

2010-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. 35 ஏக்கர் அளவுக்குப் புல்லை உரித்தார்கள். அடியில் கிடந்த மணல் வெளியே வந்தது. பல்லாயிரக்கணக்கான கம்பிப்புல் நாற்றுகளை நட்டார்கள். பாதைகளை அகலமாக்கினார்கள். 1,150 தண்ணீர்த் தெளிப்பான்கள் இருந்தன. அவற்றில் சுமார் 450 மட்டுமே மிஞ்சின. 2011-ம் ஆண்டில் வேலை முடிந்தது.

முன்பு ஆண்டுக்கு 5½ கோடி காலன் தண்ணீர் செலவாயிற்று. அது சுமார் 1½ கோடி காலனாகக் குறைந்தது.

பரீட்சை

2014-ம் ஆண்டு ஜூன் மாதம் வந்தது. தொலைக்காட்சியில் பார்த்த சிலர் முகம் சுளித்தார்கள். "என்ன இது, காய்ந்து கிடக்கிறது!" என்றார்கள்.

ஆனால், மைதானம் தன் வேலையைக் காட்டியது. 4 நாட்களுக்கு 280 அடி என்பது கணக்கு. போட்டியில் இறங்கியவர்கள் 156 பேர். கணக்குக்குக் குறைவான அடிகளில் முடித்தவர்கள் 3 பேர் மட்டுமே! ஜெர்மனி வீரர் மார்ட்டின் கைமர் 271 அடிகளில் முடித்து வெற்றி பெற்றார்.

அடுத்த வாரம் பெண்கள் போட்டி. அமெரிக்காவின் மிச்செல் வீ முன்னணியில் இருந்தார். கடைசி நாள், 16-வது குழி. அவர் அடித்த பந்து கம்பிப்புல்லில் போய் மறைந்தது. தேடிக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து பந்தை அடிக்க முடியாது. என்ன செய்வது? அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஓர் அடியைத் தண்டனையாக ஏற்று, பந்தை வெளியே எடுத்து ஆடினார். முன்னணி ஒரே அடியாகக் குறைந்தது. பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 17-வது குழியில் தொலைவில் இருந்து பந்தை உருட்டிக் குழியில் போட்டார். வெற்றியும் பெற்றார்!

ராஸ் விரும்பிய ஆட்டம் இதுதான். கை பலம் மட்டும் போதாது, நிதானமும் வேண்டும்.

மற்றவர்களும் விழித்தார்கள்

இப்படிப் பழைய உருவத்துக்குத் திரும்பிய மைதானங்கள் வேறு பலவும் உண்டு. ராஸ் அமைத்த ஓக் ஹில் மைதானம், நியூயார்க் மாநிலத்தில் உள்ளது. அதையும் பழையபடி திருத்தி அமைத்தார்கள். 2023-ம் ஆண்டில் அங்கே பெரிய போட்டி நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புதுப்பித்த ஒரு பழைய மைதானத்தில், அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பன் நடந்தது.

பைன்ஹர்ஸ்டுக்கு 2024-ம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் மீண்டும் வந்தது. 2029-ம் ஆண்டிலும் வரப்போகிறது.

புதிதாகச் சேர்ப்பது எல்லாம் வளர்ச்சி ஆகிவிடாது. சில சமயம், சேர்த்ததை எடுப்பதுதான் வளர்ச்சி. அந்த மைதானத்தில் மணல் எங்கும் போய்விடவில்லை. புல்லுக்கு அடியில் பொறுமையாகக் காத்துக்கொண்டு இருந்தது!