ஒரு குழாய் குருதியில் பிள்ளையின் சேதி

மோர்னிங்சைட்டில் இருந்து எல்ஸ்மியர் வீதியால் மேற்கே கொஞ்சம் போனால் சென்ரினரி மருத்துவமனை. ஸ்காபரோத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பிறந்த இடம். இந்தப் பகுதிப் பிள்ளைத்தாச்சி ஒருவர் இன்று பத்தாவது கிழமையிலேயே கையில் குருதி கொடுத்து, வயிற்றுப் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும் வாய்ப்பை அறியலாம். வயிற்றில் ஊசி குத்தத் தேவையில்லை.

இதற்கான தேடல் நீண்டது. தாயின் குருதியில் பிள்ளையின் உயிரணுக்கள் கலந்திருப்பதை 1969இலேயே கண்டார்கள். 1979இல் ஸ்ரான்ஃபோர்டில் ஹெர்சன்பெர்க் குழுவினர் இயந்திரம் கொண்டு அவற்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். 1990இல் ஆய்வாளர் டயானா பியாங்கி, பிள்ளையின் உட்கருவுள்ள சிவப்பணுக்களைத் தேடினார். ஆனால் ஒரு மில்லிலீற்றர் குருதியில் தாயின் உயிரணுக்கள் பல நூறு கோடி; பிள்ளையுடையது ஒன்றோ இரண்டோதான். போதாததற்கு, 1996இல் பியாங்கி குழுவினர் ஒரு வியப்பைக் கண்டனர்: ஆண் பிள்ளையைப் பெற்று 27 ஆண்டுகளான பின்பும் அவனது உயிரணுக்கள் ஒரு தாயின் உடலில் இருந்தன. தொப்புள்கொடி அறுத்தாலும் பிள்ளை தாயை விட்டுப் போவதில்லை! தாய்மையைப் பற்றி அறிவியல் சொன்ன செய்திகளில் என்னை மிகவும் நெகிழ வைத்தது இதுதான். பரிசோதனைக்கோ இதுவே இடைஞ்சல். அகப்பட்ட உயிரணு வயிற்றிலிருக்கும் பிள்ளையுடையதா, மூத்ததுடையதா?

வழி திறந்தவர் ஆய்வாளர் டெனிஸ் லோ. உயிரணுக்களை நீக்கியபின் எஞ்சும் பிளாஸ்மாவிலேயே பிள்ளையின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதை அவர் 1997இல் காட்டினார். தாயின் பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு அது. பிள்ளை பிறந்து ஓரிரு நாளில் மறைந்துவிடும். மூத்த பிள்ளையோடு குழம்ப இடமில்லை. இந்தத் துணுக்குகளை ஆராயும் பரிசோதனை 2011இல் விற்பனைக்கு வந்தது.

ஒன்ராறியோவில் பிரசவத்தின்போது 40 வயது நிறைந்திருக்கும் தாய்மாருக்கும், முதற்கட்டப் பரிசோதனையில் வாய்ப்புக் கூடுதலாகத் தெரிந்தவர்களுக்கும் இந்தப் பரிசோதனைக்கான பணத்தை மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கொடுக்கிறது. இவ்வாறான தகுதி இல்லாதவர்கள் தாங்களே கட்டவேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தாயின் குருதியில் மிதக்கும் அந்த டி.என்.ஏ. துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் உள்ள கோளாறு பிள்ளையில் இல்லாமலும் இருக்கலாம். இளந்தாய்மாரில் தவறான எச்சரிக்கையின் பங்கு இன்னும் கூடுதல். பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. ஆகவே தாய்மாரே, அந்த ஒரு பரிசோதனைத் தாளை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். மரபியல் ஆலோசகரைச் சந்திக்கக் கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள்.