எக்கியார்குப்பத்திலிருந்து ஒரு விமானக் கணக்கு

மாணவச் செல்வங்களே, மரக்காணம் உப்பளங்களுக்கு முதுகைக் காட்டி, எக்கியார்குப்பம் கடற்கரையில் நில்லுங்கள். வரைபடத்தில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், உங்களுக்கு எதிரே சுமார் 20 கி.மீ. தள்ளிக் கடல்மேல் அது போகும்.

அதன் நீளம் என்ன? அட்லஸை எடுங்கள். சென்னை விமான நிலையம் 13 டிகிரி வட அட்சரேகையில். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 9.8 டிகிரியில். இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் கணக்கு சுலபம். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வித்தியாசம் 3.2 டிகிரி. பெருக்கினால் 355 கி.மீ.!

இந்த வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. அப்படியானால் 43 நிமிடம்தானே? கால அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கும் மேல்! ஓடுபாதை வரை ஊர்ந்து போகும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. (நம்மூர் பஸ் நிலையத்தைவிட்டு வெளியே வரவே பத்து நிமிடம் ஆகிறதே!)

நீண்ட இடைவெளிக்குப் பின், 2019 நவம்பரில்தான் இச்சேவை தொடங்கியது. அதற்கு முன், யாழ்ப்பாணத்து உறவினரைப் பார்க்க விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ சுமார் 400 கி.மீ. வடக்கே திரும்பி வர வேண்டும். வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்புவது போல!